உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்

— அந்தக் கெட்டிலைக் கீழ வைங்க. அது அம்மா வீட்ல இருக்கு.

— இருக்கிறது எனக்குத் தெரியாதா? வாங்கிக் குடுத்ததே நான்தானே! ஏழு வருஷம் ஆச்சு, மூடி ஆட ஆரம்பிச்சிருக்கும். இந்தக் கிறிஸ்துமஸுக்குப் புதுசு வாங்கி மாத்திடலாம்னு பார்த்தேன்.

— மூடி ஒண்ணும் ஆடலை. ரெண்டுலயும் கெட்டியாத்தான் இருக்கு.

— எது ரெண்டுலயும்?

— ரெண்டு கெட்டில்லயும்.

— ரெண்டாவது எங்கேர்ந்து வந்துச்சு? நான் ஒண்ணுதானே குடுத்தேன்?

— நானும் ஒண்ணுதான் குடுத்தேன். கூட்டிப் பாருங்க.

— முதல்ல அந்த 'ங்க'வை நிறுத்து. கடைக்குள்ள நுழைஞ்சதுலேர்ந்து பாக்குறேன், 'வைங்க', 'பாருங்க'ன்னு. நான் என்ன உன் மாமியாரா?

— மரியாதை குடுத்தாலும் தப்பா?

— உன் மரியாதையைக் கொண்டு போய் நீ ரிப்பேர் பாக்குற லிஃப்டுக்குள்ள வச்சுப் பூட்டு. சின்ன வயசுல என் சடையைப் பிடிச்சுத் தொங்குனியே, அப்ப எங்கடா போச்சு இந்த மரியாதை?

— சரி, விடுங்க.

— திரும்பப் பாரு!

— ஏழு வருஷம் பேச்சுவார்த்தை இல்லைன்னா 'ங்க'தான் வரும். நான் என்ன பண்ணட்டும்? இந்தாங்க, இதைப் படிங்க. இதுக்குத்தான் வரச் சொன்னேன்.

— என்னது இது, லிஃப்ட் சர்வீஸ் சீட்டு?

— பின்பக்கம்.

— "கெட்டில் ரெண்டு. அயர்ன் பாக்ஸ் ரெண்டு. கம்பளிப் போர்வை ரெண்டு. எடை மெஷின் ரெண்டு. பிரஷர் மெஷின் ரெண்டு. சுவர்க் கடிகாரம் ரெண்டு. மடக்கு ஏணி ரெண்டு." டேய், என்னடா இது? நான் வாங்கிக் குடுத்ததெல்லாம் வரிசையா எழுதி வச்சிருக்க!

— நான் வாங்கிக் குடுத்ததையும்தான் எழுதி வச்சிருக்கேன். அதே வரிசைதான்.

— எங்க பார்த்த?

— ஸ்டோர் ரூம்ல. செவ்வாய்க்கிழமை அம்மா போன் பண்ணா, ஸ்டோர் ரூம்ல லைட் எரியலை, வந்து பாருடான்னு. போனேன். பல்பு ஃபியூஸெல்லாம் ஆகலை. யாரோ லேசா கழட்டி விட்டிருக்காங்க. ரெண்டு சுத்து சுத்துனேன், பளிச்சுன்னு எரிஞ்சிடுச்சு. எரிஞ்சதும் பார்த்தா உள்ள ஒரு கடையே இருக்கு. சிவப்புக் கெட்டில், பூப்போட்ட போர்வை, சாம்பல் கலர் ஏணி. நான் வாங்கிக் குடுத்தது எதுவும் இல்ல, ஆனா நான் வாங்கிக் குடுத்த மாதிரியே எல்லாம். நான் குடுத்தது வீட்டுக்குள்ள இருக்கு.

— என் கெட்டில் ஸ்டோர் ரூம்லயா? நான் போறப்போ சமையல் மேடையில ஜம்முனு உக்காந்திருக்குமே! போன கிறிஸ்துமஸ் காலைல எனக்கு அதுலதானே காபிக்குத் தண்ணி வச்சா?

— அன்னைக்குச் சாயங்காலம் நான் போனப்போ என் வெள்ளைக் கெட்டில் உக்காந்திருந்துச்சு.

— அப்ப மத்தியானம்?

— மத்தியானம் ஷிஃப்ட் மாறுது போல.

— அடப்பாவி! அம்மா முட்டிவலிக்காரி. அப்பா முட்டி மாத்தின ஆளு. ரெண்டு பேரும் சேர்ந்து பண்டிகை நாள்ல, நான் போனதும் ஏணியை உள்ள இழுத்து, நீ வர்றதுக்குள்ள வேற ஏணியை வெளிய இழுத்து...

— எழுபது தாண்டுன ரெண்டு பேருக்கு ரெண்டு ஏணி. எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறாங்க?

— இரு, இரு. எனக்கு ஒண்ணு சொல்லு. நான் என்ன வாங்குறேன்னு உனக்கு யார் சொன்னா?

— அதையேதான் நானும் கேக்க வந்தேன். ஏழு வருஷமா என்னை ஏன் காப்பி அடிக்கிறீங்க?

— நானா? காலைல எட்டு மணிக்குக் கொண்டு போய்க் குடுக்கிறவ நான். பொழுது சாயுறப்போ வர்றவன் நீ. முதல்ல எழுதுனவ காப்பியா, பின்னாடி எழுதுனவன் காப்பியா?

— ஓ! காலைல நீங்க குடுத்ததைத் தெரிஞ்சுக்கிட்டு, கடையெல்லாம் பூட்டிக் கிடக்கிற கிறிஸ்துமஸ் அன்னைக்கு, சாயங்காலத்துக்குள்ள நான் ஒரு ஏணி வாங்கிட்டு வந்தேனாக்கும்?

— ...அதுவும் சரிதான்.

— வணக்கம் மேடம், நான் இந்த மாடி சேல்ஸ்மேன். உள்ளதைச் சொல்றேன், அரை மணி நேரமா நின்னுக்கிட்டே இருக்கீங்க, கால் வலிக்கும். அந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஏம்பா டிரைவர், மேடம் பையை வாங்கிக்கிட்டு அந்தப் பக்கம் நில்லேன்.

— நான் டிரைவர் இல்லைங்க.

— மன்னிச்சுக்கோங்க சார். மேடம் 'டேய்'ன்னாங்க, நீங்க 'ங்க'ன்னீங்க, அதான்.

— சிரிக்காதீங்க நீங்க! இவர் கேக்குறாருல்ல, சொல்லுங்க நான் யாருன்னு.

— எனக்கு வாய்ச்ச தம்பி சார். ஒரே வயித்துப் பொறப்பு. அப்பா அம்மாவுக்குக் கிறிஸ்துமஸுக்குச் சேர்ந்து ஒரு பொருள் பாக்குறோம். அவங்ககிட்ட இல்லாத பொருள் இந்த மாடியில ஏதாவது இருந்தா எடுத்துப் போடுங்க.

— இதோ, டார்ச் லைட் மேடம். போன வாரம் வந்த சரக்கு.

— மூணு இருக்கு.

— குடை? தானா விரியும்.

— அப்பாகிட்ட நாலு இருக்கு. மழை வந்தா வெளியவே போக மாட்டாரு.

— மெழுகுவர்த்தி வாசனையா இருக்கு பாருங்க மேடம், ரோஜா...

— அம்மாவுக்குத் தும்மல் வரும்.

— காலை அமுக்கி விடுற மெஷின் சார்?

— அப்பாவோட ஆபீஸ்ல ரிட்டையர் ஆன அன்னைக்கே குடுத்துட்டாங்க. கட்டிலுக்கு அடியில டப்பா பிரிக்காமக் கிடக்கு.

— உள்ளதைச் சொல்றேன், நீங்க கடைக்கு வந்திருக்கக் கூடாது. அவங்களை இங்க கூட்டிக்கிட்டு வந்திருக்கணும். நான் பில் புக்கை எடுத்துட்டு வர்றேன், அதுக்குள்ள யோசிங்க.

— அவர் சொல்றது நியாயம்தான். எல்லாம் இருக்கிறவங்களுக்கு எதை வாங்குறது? வாயைத் திறந்து கேட்டா, ஒண்ணும் வேண்டாம், எல்லாம் இருக்குன்னுதான் அப்பா சொல்லுவாரு. என் கிளினிக்ல ஒரு நாளைக்கு இருபது பேரை வாயைத் திறக்க வைக்கிறேன். பெத்தவரை மட்டும் முடியலை.

— பெருசா எதுவும் வேண்டாம். சேர்ந்து குடுக்கிறது, சும்மா ஒரு பேருக்கு, சின்னதா ஒண்ணு போதும்.

— ஆமா ஆமா. சின்னதாவே இருக்கட்டும். பெருசு எதுக்கு?

— ...என்ன அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டீங்க?

— நீ ஏன் சின்னதுன்னு ஆரம்பிச்ச?

— சும்மாதான்.

— நானும் சும்மாதான். அதோ அது என்னடா, சுவர்ல தொங்குது? நீளமா, கரண்டி மாதிரி.

— அது ஷூ போடுறப்போ குதிகால்ல வச்சுத் தள்ளுறது. குனியாமப் போட்டுக்கலாம். அப்பா முட்டிக்கு நல்லது.

— அது அவங்ககிட்ட இல்லையே?

— இல்ல.

— கண்டிப்பா இல்லையே?

— ஸ்டோர் ரூமைத் தலைகீழாப் பார்த்துட்டேன். இல்ல.

— அப்ப எடு. எடுத்து அவர் கையில குடு. வேற எவனாவது வாங்கிடப் போறான்.

— எடுத்துட்டீங்களா? நல்லது சார். பார்சல் கட்டி நாங்களே கொண்டு போய்க் குடுத்துடுவோம். அட்ரஸ் சொல்லுங்க.

— பதினேழாம் நம்பர், மூணாவது குறுக்குத் தெரு.

— பதினேழு... தண்ணித் தொட்டிக்கு எதிர்ல, பச்சை கேட் போட்ட வீடா?

— ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நாளைக்குக் காலைல எங்க வண்டி அங்கதானே போகுது. கீழ் மாடியில புக் ஆன டபுள் கட்டில் இறக்கணும். இந்தக் கரண்டியையும் அதுலயே போட்டு அனுப்பிடறேன்.

— அது... அது என்னோட கட்டில்.

— என்னது உன்னோடது? அது நான் புக் பண்ண கட்டில்டா!

— நான் வெள்ளிக்கிழமை வந்து புக் பண்ணேன்!

— நான் வியாழக்கிழமையே பண்ணிட்டேன்! தேக்குல!

— சார், மேடம், சண்டை வேண்டாம். உள்ளதைச் சொல்றேன். தேக்கு ஒண்ணு, இரும்பு ஒண்ணு. ரெண்டு கட்டில் போகுது. தண்ணி ஏதாவது வேணுமா மேடம்?

— வேண்டாம். நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க. நான் இவனைக் கேக்க வேண்டியது இருக்கு. ஏண்டா, சேர்ந்து சின்னதா வாங்கலாம்னு கரண்டியைக் கையில குடுத்துட்டு, தனியாக் கட்டில் வாங்கி வச்சிருக்கியா?

— நீங்க மட்டும் என்ன? "பெருசு எதுக்கு"ன்னு சொன்ன வாய்தானே இது?

— அந்த ரூம்ல ஒரு டபுள் கட்டிலைப் போட்டாலே கதவு பாதிதான் திறக்கும். ரெண்டைப் போட்டா அப்பா ஜன்னல் வழியாத்தான் படுக்கப் போகணும்.

— அதுக்குத்தான் ரெண்டு ஏணி இருக்கே.

— சிரிப்பு வேறயா? உனக்கு எப்படித் தோணுச்சு கட்டில் வாங்கணும்னு? அதைச் சொல்லு முதல்ல.

— எனக்குத் தோணலை.

— பின்ன?

— அம்மாதான் கேட்டா. போன மாசம். அப்பாவுக்குப் பழைய கட்டில் தாழ்வா இருக்கு, எழுந்திரிக்கக் கஷ்டப்படுறாரு, உயரமா ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்னு. "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன், வேற யார்கிட்டயும் மூச்சு விடாதே"ன்னா.

— என்ன சொன்னா?

— மூச்சு விடாதேன்னா.

— அதுக்கு முன்னாடி.

— உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்னா.

— டேய்... என்கிட்டயும் அதேதான் சொன்னா. அதே வார்த்தை. "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்."

— கட்டிலா?

— கட்டில்தான். ஏணி யார் கேட்டா?

— அம்மாதான்.

— என்கிட்டயும் அம்மாதான்! எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு, எதுக்கு ஏணி, யார் ஏறப் போறாங்கன்னு. எந்த ஏணி நல்ல ஏணின்னுகூட எனக்குத் தெரியலை. கடையில மூணு தடவை ஏறி இறங்கிப் பார்த்து வாங்குனேன்.

— எனக்கு அந்த பிரஷர் மெஷின். எது சரியாக் காட்டும், எது பொய் சொல்லும், ஒரு எழவும் புரியலை. கடைக்காரர் கையில கட்டிப் பார்த்தாரு. டென்ஷன்ல எனக்கே நூத்தி அறுபது காட்டுச்சு.

— கடிகாரம்?

— அம்மா.

— எடை மெஷின், போர்வை, அயர்ன் பாக்ஸ்?

— அம்மா, அம்மா, அம்மா. ஒவ்வொரு தடவையும் குரலைத் தாழ்த்திக்கிட்டு, உன்கிட்ட மட்டும்தான்னு. எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கும் தெரியுமா? அவளுக்கு ஒரு ஆசைன்னா என்கிட்டதான் சொல்றான்னு.

— எனக்கு மட்டும் இல்லையாக்கும்? பெரிய பிள்ளை, பொறுப்பான பிள்ளை, அதான் என்கிட்ட சொல்றான்னு ஏழு வருஷமா நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன்! அம்மா முப்பது வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸா இருந்தவ. ஒரே கேள்வித்தாளை ரெண்டு பேருக்கும் குடுத்து நம்மளை முட்டாளாக்கியிருக்கா! இப்பவே போன்ல நாலு கேள்வி நறுக்குன்னு கேக்கலைன்னா பாரு.

— இருங்க. போனை எடுக்காதீங்க.

— ஏன்? பயமா?

— இல்ல... வேணும்னு பண்ணியிருப்பாளா?

— பின்ன தெரியாமலா ஒருத்தி எட்டு தடவை...

— அதைத்தான் சொல்றேன். தெரியாமப் பண்ணியிருந்தா? என்கிட்ட கேட்டதை மறந்துட்டு உங்ககிட்ட கேட்டிருந்தா?

— என்னடா சொல்ற?

— எப்பப் போன் பண்ணாலும் என்கிட்ட, "அக்கா வீட்ல எல்லாரும் சௌக்கியமாடா?"ன்னு கேப்பா. நாங்க பேசிக்கிறதில்லம்மான்னு சொல்லுவேன். அடுத்த வாரம் திரும்பவும், "அக்கா எப்படி இருக்கா?" நானும் சரி, வயசாச்சுன்னு விட்டுட்டேன்.

— ஐயோ.

— என்ன?

— என்கிட்டயும் கேப்பாடா. "தம்பிக்கு வேலையெல்லாம் எப்படிப் போகுது?" எத்தனை தடவைம்மா சொல்றது, எனக்கு அவனைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு கத்துவேன். "ஓ, ஆமால்ல"ன்னுவா. பத்து நாள் கழிச்சு மறுபடியும் கேப்பா.

— அந்த பல்பு. அவளே கழட்டிட்டு மறந்திருப்பாளோ?

— சும்மா இரு.

— அக்கா, நீ டாக்டர்தானே. சொல்லு. அந்த மறதி நோய் இப்படித்தான் ஆரம்பிக்குமா?

— பல் டாக்டர்டா நான்! எனக்கென்ன தெரியும்? எங்க கிளினிக்குக்கு ஒரு வாத்தியார் வருவாரு. போன வாரம் பிடுங்குன பல்லு இந்த வாரமும் வலிக்குதும்பாரு. அவர் பையன் வெளிய போய் நின்னு அழுவான்... டேய்.

— என்ன?

— இப்ப 'நீ'ன்னியா?

— சொன்னேனா?

— 'அக்கா'ன்னும் சொன்ன.

— வாய்ல வந்துடுச்சு. அதை விடு. நிஜமாவே அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தா, நமக்கு ஏழு வருஷமா தெரியாமப் போயிருக்கு. உனக்குப் பாதி தெரியும், எனக்குப் பாதி தெரியும். சேர்த்து வச்சுப் பாக்க ஆளில்ல.

— அதுக்கு நான்தான் காரணமா?

— நான் அப்படிச் சொல்லலை.

— சொல்லுவ. அன்னைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல நீ கத்துன கத்து இன்னும் என் காதுல இருக்கு. அப்பா முட்டி ஆபரேஷனை டாக்டர் ஒரு நாள் முன்னாடி வச்சுட்டாரு. கையெழுத்துப் போடுன்னு நீட்டுனாங்க. உனக்குப் பதினோரு தடவை போன் அடிச்சேன்டா. எண்ணி வச்சிருக்கேன், பதினோரு தடவை!

— ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவுல லிஃப்ட் நின்னு போச்சு. உள்ள ஒரு பொம்பளை, கைக்குழந்தை. நான் மேல கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கேன். போன் கீழ டூல்ஸ் பையில இருக்கு. எப்படிக்கா எடுப்பேன்?

— அதை அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே!

— சொல்ல விட்டியா? கிரீஸ் கையோட ஓடி வர்றேன், அப்பாவை உள்ள கொண்டு போயாச்சுங்கிற. எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. அதான் கேட்டேன்.

— என்ன கேட்ட? சொல்லு. நானும் கேக்குறேன்.

— வேண்டாம், விடு.

— "நீ என்ன வீட்டுக்கு ஒரே பிள்ளையா?"ன்னு கேட்ட.

— நீ என்ன சொன்ன? "ஒரே பிள்ளையாப் பொறந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்"ன்ன.

— ...சொன்னேன்.

— அதை மட்டும் என்னால முழுங்க முடியலைக்கா. வேற எது சொல்லியிருந்தாலும் மறுநாளே வந்து நின்னிருப்பேன்.

— எனக்கு மட்டும் முழுங்க முடிஞ்சுதா? சொன்ன வார்த்தை எனக்கே தொண்டையில முள்ளு மாதிரி நின்னுச்சு. நீ வருவ, வந்து ஒரு சண்டை போடுவ, சரியாப் போயிடும்னு பார்த்தேன். நீ வரவே இல்ல. நான் காலைல போனா நீ சாயங்காலம்னு முறை வச்சுக்கிட்ட.

— நீ காலைல போறேன்னு அம்மா சொன்னா. அதான் நான் சாயங்காலம் வச்சுக்கிட்டேன்.

— நல்லா இருக்குடா நம்ம லட்சணம். நானும் ஒரே பிள்ளை மாதிரி வாங்கிக் குவிச்சிருக்கேன், நீயும் ஒரே பிள்ளை மாதிரி வாங்கிக் குவிச்சிருக்க.

— மேடம், குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். வண்டியில ஏத்தணும். உள்ளதைச் சொல்றேன், ரெண்டு கட்டிலையும் ஏத்தவா, ஒண்ணை இறக்கவா?

— எதையும் ஏத்தாதீங்க, எதையும் இறக்காதீங்க! அஞ்சு நிமிஷம் குடுங்க!

— சரிங்க மேடம். அஞ்சு நிமிஷம்.

— போன் பண்ணுடா. ஸ்பீக்கர்ல போடு. ஆனா நான் இங்க இருக்கேன்னு சொல்லாதே, பயந்துடுவா. மெதுவா ரெண்டு மூணு கேள்வி கேளு. என்ன கிழமை, என்ன சாப்பிட்டா, இந்த மாதிரி.

— நீ அடி.

— என் போன்லேர்ந்து அடிச்சா நான் இருக்கேன்னு தெரிஞ்சுடும். அடி, அடி. ரிங் போகுது.

— என்னடா, இந்த நேரத்துல? வேலையில இல்லையா நீ?

— இல்லம்மா, சும்மாதான். எப்படி இருக்க?

— நேத்து இருந்த மாதிரியே இருக்கேன். என்ன விஷயம்?

— ஒண்ணும் இல்லம்மா. இன்னைக்கு... இன்னைக்கு என்ன கிழமை?

— கிழமை தெரியாமத்தான் வேலைக்குப் போறியா? திங்கக்கிழமை. நாளான்னிக்கு கிறிஸ்துமஸ். உன் சட்டையை அயர்ன் பண்ணிட்டியா?

— பண்ணிட்டேன். அம்மா, மத்தியானம் என்ன சாப்பிட்ட?

— டேய், உடம்பு சரியில்லையா உனக்கு? குரல் ஏன் இப்படி இருக்கு? பின்னாடி யாரு குசுகுசுங்கிறது?

— யாரும் இல்லம்மா. கடையில இருக்கேன், ஆளுங்க பேசிக்கிறாங்க.

— "கட்டிலைப் பத்திக் கேளு"ன்னு ஒரு குரல் கேக்குது. ஆளுங்களுக்கு எதுக்குடா என் கட்டில்?

— அம்மா... அது வந்து...

— அது உங்க அக்கா குரல்தானே?

— ...ஆமாம்மா.

— அவ அங்க இருக்காளா? உன் பக்கத்துலயா? எவ்வளவு பக்கத்துல?

— இங்கதாம்மா இருக்கேன். அவன் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன். நீ பதறாதே. நிதானமா யோசிச்சுச் சொல்லு. கட்டில் வேணும்னு இவன்கிட்ட சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கா?

— ஏங்க! இங்க வாங்க! சீக்கிரம் வாங்க! ரெண்டு பேரும் ஒரே கடையில நிக்கிறாங்க!

— அம்மா, நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. இவன்கிட்ட கேட்டதை மறந்துட்டுத்தான் என்கிட்டயும் கேட்டியா?

— மறதியா? எனக்கா? அன்னைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல, கதவுக்குப் பக்கத்து பெஞ்சுல யாருடி உக்காந்திருந்தா?

— ...நீதான்.

— காது கேக்காதுன்னு நெனச்சீங்களா ரெண்டு பேரும்? அவன் கேட்டதும் ஞாபகம் இருக்கு, நீ சொன்னதும் ஞாபகம் இருக்கு. ஒரு எழுத்து மறக்கலை. ஒரே பிள்ளையா இருக்கணும்னு அவ்வளவு ஆசையான்னு, நானும் ஒரே பிள்ளைகிட்ட கேக்கற மாதிரியே தனித்தனியாக் கேட்டேன். வீட்ல நடக்க இடமில்ல. உங்கப்பா ரெண்டு தடவை அந்த ஏணியில இடிச்சுக்கிட்டாரு.

— அப்ப அந்த பல்பு...

— அது உங்கப்பாவோட ஐடியாவாம், நீ உள்ள வந்து எல்லாத்தையும் பாக்கணும்னு. அவரே சொல்லச் சொல்றாரு.

— அம்மா, அழறியா? எதுக்கும்மா இதெல்லாம்? வாயைத் திறந்து, போய்ப் பேசுங்கன்னு எங்களை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

— சொன்னா கேக்குற ஜென்மங்களா நீங்க? ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் எழுதாதீங்கன்னு முப்பது வருஷம் ஊரான் பிள்ளைங்களை அதட்டுனேன். பெத்ததுங்க மட்டும் ஒரு வருஷமாவது ஒண்ணை ஒண்ணு பார்த்து எழுதாதான்னு தவம் கிடந்தேன். ஏணின்னா அவனைக் கேப்பன்னு நெனச்சேன். பிரஷர் மெஷின்னா அவன் உன்னைக் கேப்பான்னு நெனச்சேன்.

— அம்மா...

— "நான் இதை வாங்குறேன், நீ என்ன வாங்குற?"ன்னு ஒருத்தரை ஒருத்தர் ஒரே ஒரு போன்... கெட்டில்லயே பேசிக்குவீங்கன்னு நெனச்சேன், கட்டில் வரைக்கும் இழுத்துட்டீங்களேடா!